கடைசி ரீலுக்கு முன்

இத்தனை பேர் கண்ணை மூடியிருந்தபோது நான் மட்டும் ஏன் திறந்தேன்?

ஒரு வாரமாக லூர்துசெல்வி தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. மலைமேல் ஒண்டிக்கடை முக்குக்குக் கீழே சினிமாக் கொட்டகையாக இருந்த கூடம்தான் இப்போது ஜெபவீடு. திரை இருந்த சுவருக்கு வெள்ளையடித்துச் சிலுவை மாட்டியிருந்தார்கள். பின்சுவரில் படம் பாய்ந்து வந்த சதுர ஓட்டைகளைச் செங்கல் வைத்துப் பூசியாகிவிட்டது. ஆபரேட்டர் ரூமுக்கு ஏறும் படிக்கட்டும் இப்போது இல்லை.

"மாதா கோயிலு பக்கத்துலயே இருக்க, அந்தக் கொட்டாயில போயி எதுக்குடி கை தட்டற?" என்று அவள் அக்கா கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாள்.

அங்கே ஆபரேட்டராக இருந்தவன் லூர்துசெல்வியின் புருஷன் யுவராஜ். கடைசி ரீல் ஓடத் தொடங்கியதும் வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு தடவை கையை நீட்டி எடுப்பான். கதாநாயகியின் முகத்தின் மேல் ஒரு பெரிய கை ஓடும். சுண்டுவிரல் பாதிதான், மீதி எஸ்டேட்டில் காப்பிப்பழ மெஷினில் போனது. "கைய எடுய்யா!" என்று கொட்டகையே கத்தும். அவள் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். அவன் வரும்போது சோறு சூடாக இருக்கும்.

அவன் செத்து, கொட்டகையும் மூடி வருஷக்கணக்காகிறது.

போன ஞாயிறு ஜெபத்தின் நடுவே கரண்ட் போனது. வெளியே மூடுபனி. எங்கிருந்தோ, அந்தக் காலத்துப் புரொஜெக்டரில் எரியும் கார்பன் குச்சியின் வாடை வர, கண்ணைத் திறந்தாள். சிலுவைக்கு மேல் சதுரமாக ஒரு வெளிச்சம். அதன் குறுக்கே அந்தக் கை ஓடி மறைந்தது. திரும்பிப் பார்த்தாள். பூசிய சுவர் பூசியபடியே இருந்தது.

அன்று இரண்டு பேருக்கு உலை வைத்தாள். கதவைத் தாழிடாமல் படுத்தாள். விடிந்து பார்த்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

இன்று பாஸ்டர், பாட்டுப் பாடும் அபிஷாவைப் போன வாரம் கண்டதைச் சொல்லும்படி எழுப்பி நிறுத்தியிருந்தார்.

"கைங்க பாஸ்டர். நொம்பப் பெரிய கை. சுண்டுவிரலு மட்டும் சரியாத் தெரியலீங்க. ஜெபத்துல கண்ணத் தொறந்துட்டேன், மன்னிச்சுக்குங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

"தேவனோட கரம்!" என்றார் பாஸ்டர். "ஆனா ஒரு சாட்சி பத்தாது, ரெண்டு வேணும்னு வேதம் சொல்லுது. லூர்தும்மா, நீங்களும் செவுத்தையே பாத்துட்டிருந்தீங்கன்னு அபிஷா சொல்லுதுங்க. எந்திரிச்சுச் சொல்லுங்க. அடுத்த வாரம் சேலத்துலருந்து பஸ் வெச்சு சனம் வரும்."

பக்கத்தில் இருந்த சுஜாதா இடித்தாள். "எந்திரிங்கக்கா. சாமி கையவே பாத்துட்டுக் கம்முனு குந்தியிருக்கறீங்களே!"

ஆமாம் என்றால் அது ஊருக்கே பொதுவான கை ஆகிவிடும். யாருடைய கை என்று சொன்னாலோ பிசாசு என்பார்கள். போன மாதம் ஒரு பிள்ளையிடமிருந்து எதையோ துரத்தியது போல, கூரை அதிரக் கத்தி அவனையும் துரத்துவார்கள். எதைச் சொன்னாலும், நாளைக் காலை அவள் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும்.

பாஸ்டர் இறங்கி வந்து மைக்கை நீட்டினார். அவள் அதை விரல் நுனியால் மெல்ல அப்பால் தள்ளினாள்.

"நான் கண்ண மூடிட்டு இருந்தனுங்க," என்றாள், உட்கார்ந்தபடியே. "எதையும் பாக்கலீங்க."