தையலுக்கு விட்ட கம்பி

தையற்காரருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வெளியூரில் எஃப்.எம். நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த மகள், அன்று ஐந்து மணிச் செய்தியை முதன்முதலாக வாசிக்கப் போகிறாள். "முதல் வரியிலேயே குரல் உதறும்பா. நீதான் கேட்டுச் சொல்லணும். அம்மா எப்படியும் நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லும்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

கேட்பதற்கு ரேடியோ ஒத்துழைக்க வேண்டுமே! சின்ன நிலையம், செல்போனில் கிடைக்காது. வீட்டுப் பெட்டியிலோ எண்ணெய் பொரிகிற சத்தத்துக்கு நடுவே அரைகுறையாகத்தான் வரும்.

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் வழி சொல்லியிருந்தான். "பின்னால ரெண்டு திருகு இருக்குல்லண்ணே, ஏரியலுக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பிய மாட்டுங்க. ஜன்னல் மேல ஒண்ணு இடது பக்கம், ஒண்ணு வலது பக்கம் நீட்டி விடுங்க. பக்கத்துக்கு எழுபத்தஞ்சு சென்டிமீட்டர்."

அளவெடுப்பதை அவருக்கா சொல்லித்தர வேண்டும்? நாடாவால் அளந்து, அவனிடமே குறடு வாங்கி வெட்டி, குறட்டை உடனே திருப்பியும் கொடுத்துவிட்டார். ஆணியடித்துக் கட்டிய கம்பி கோடு கிழித்த மாதிரி நின்றது. இரைச்சல் மட்டும் போன பாடில்லை.

ஐந்து அடிக்கப் போகிற நேரம். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"எவ்வளவுண்ணே வெட்டினீங்க?"

"நீ சொன்ன அளவுதான். தையலுக்குன்னு பக்கத்துக்கு ஒரு சாண் கூட விட்டிருக்கேன்."

"கம்பிக்கு ஏதுண்ணே தையலு? அந்த ஒரு சாணை வெட்டி விடுங்க. குறட்டை எடுத்துக்கிட்டு நான் வெளிய வந்துட்டேன்."

மனைவி சிரித்தே விட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கை தானாகப் போய் மேசையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தது.

மனைவியின் சிரிப்பு நின்றது. துணியைத் தவிர வேறெதையும் அதால் வெட்ட அவர் விட்டதில்லை. ஒருமுறை அவள் அதில் பால் கவரைக் கத்தரித்ததற்கு மனிதர் பல நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. "கொஞ்சம் பொறுங்க, வேற ஏதாவது..." என்பதற்குள் அவர் ஸ்டூலில் ஏறிவிட்டார்.

நறுக். இந்தப் பக்கம் ஒரு சாண். நறுக். அந்தப் பக்கம் ஒரு சாண்.

இரைச்சல் அடங்கியது. "வணக்கம். செய்திகள்..." மகள் பக்கத்து அறையிலிருந்து பேசுகிறாள் போலிருந்தது. முதல் சொல்லில் லேசாக உதறிய குரல் மூன்றாவது சொல்லில் நிமிர்ந்துகொண்டது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கக்கூடத் தோன்றாமல் முழுச் செய்தியையும் நின்றபடியே கேட்டார்.

முடிந்ததும் மனைவி கத்தரிக்கோலை வாங்கிப் பார்த்தாள். அதன் வெட்டுவாயில் இரண்டு பல் விழுந்திருந்தது.

"ஐயோ, சாணை பிடிச்சாலும் சரியாகாது போலிருக்கே. என்ன பண்றது?"

"நீயே வச்சுக்கோ" என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "பால் கவர் வெட்ட ஆகும்."