மூன்றாம் பக்கத்து வரி

பாண்டித்துரையும் நதியாவும் பிரிந்து வாழத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இருந்தான். அவள் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைலர். ஆறு வயது மகள் மிதுனா அவளோடு வளர்ந்தாள். கெட்ட பழக்கம், மூன்றாம் ஆள் என்று காரணம் எதுவுமில்லை. ஒரே வீட்டில் இருந்தால் எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடிந்தது. மனமொத்துப் பிரிந்துவிடலாம் என்று முடிவெடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆளுக்கு அரை நாள் லீவு போட்டு வக்கீல் சுரேந்தரிடம் வந்தார்கள்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அவசரமில்லீங்க" என்று வக்கீல் மனுவை நீட்டினார்.

நதியா படிக்காமலே மளமளவென்று போட்டுவிட்டாள். பாண்டித்துரை மூன்றாம் பக்கத்தில் நின்றான். ஒரு வரியின் மேல் விரல் வைத்து மெதுவாக வாசித்தான். "'என் மகள் மிதுனாவின் மீது எனக்குள்ள சகல உரிமைகளையும் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்.' இதுக்கு என்னா சார் அர்த்தம்?"

"பாப்பா அம்மிணிகிட்ட வளரும், நீங்க அதுக்காகக் கேஸ் போட மாட்டீங்க. அவ்வளவுதானுங்க. உரிமை வேண்டாம்னா விட்டுக்கொடுக்கறதுன்னுதான எழுதோணும்?"

"எங்க வீட்டுல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் சார். ஏழாவது படிக்கையில பள்ளிக்கூட ஜன்னலை ஒடச்சுட்டேன். ஹெட்மாஸ்டர் எங்கய்யாவக் கூப்பிட்டு விட்டாரு. 'எம்மகன் செஞ்சிருக்க மாட்டான்'னு அசையாம நின்னாரு. வீட்டுக்கு வந்து அடி பின்னிட்டாரு, அது வேற. ஆனா அத்தனை பேரு முன்னாடி என்னைய விட்டுக்கொடுக்கல." பேனாவை எடுத்தான். "சரி, சட்டத்துல இப்படித்தான்னா போடுறேன்."

நதியாவுக்கு, தான் வேலையில் சேர்ந்த முதல் மாதம் நினைவுக்கு வந்தது. ஒரு கட்டு முழுக்க டி-ஷர்ட்டுக்கு வேறு கட்டின் கைத்துணியை மாற்றித் தைத்துவிட்டாள். சூப்பர்வைசர் கத்தியபோது, அன்று துணி வெட்டும் கட்டிங்கில் இருந்த பாண்டித்துரை வந்து, "நான்தான் கட்டை மாத்திக் குடுத்துட்டேன்" என்று திட்டை வாங்கிக்கொண்டான். அப்போது அவள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். வீட்டுக்குள் ஆயிரம் சண்டை போட்டாலும், தன் சொந்தக்காரர்கள் முன் அவளை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை.

அவள் சட்டென்று தாளை இழுத்துக்கொண்டாள். "சார், இந்த வரியை மாத்துங்க."

"அம்மிணி, இது உங்களுக்குச் சாதகமான வரிங்க."

"இருக்கட்டும் சார். நாளைக்கு எம்மக பெரியவளாகி இதைப் படிப்பா. எங்கப்பா என்னைய விட்டுக்கொடுத்துட்டாருன்னு நெனப்பா. அவரு யாரையும் அப்படி விட்டவரில்ல."

பாண்டித்துரை நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அப்ப எப்படி எழுதட்டுமுங்க?" என்றார் வக்கீல்.

மகள் தாயின் பொறுப்பில் வளர்வாள், தகப்பன் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், லீவுக்கு அழைத்துப் போகலாம் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள்.

"காய்ச்சல்னா எனக்குச் சொல்லணும்" என்றான் அவன்.

"என்னிக்காச்சும் சொல்லாம இருந்தேனா?" அவள் குரல் ஏறியது.

"சொன்ன, சொன்ன" என்று உடனே இறங்கி வந்தான். வக்கீல் சிரித்துவிட்டார்.

டைப் அடித்து முடிய ஒரு மணி நேரமாகும் என்றார்கள். இருவரும் கீழே பேக்கரியில் டீ குடித்தார்கள். மிதுனாவுக்கு முன்பல் ஆடுவதைப் பற்றி அவள் சொன்னாள். திரும்பி வந்து, புது வரியை இருவரும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்கள். பிறகு பாண்டித்துரை கையெழுத்துப் போட்டான், புதுப் பக்கத்தில் நதியாவும் போட்டாள்.

ஆறு மாதம் கழித்து நீதிபதி இருவரையும் நிற்கவைத்து, முடிவில் மாற்றம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். விவாகரத்து கிடைத்தது.

வெளியே வந்ததும் நதியாவுக்கு அழுகை வந்தது. அவள் முகம் துடைக்கும்வரை அவன் பக்கத்திலேயே நின்றான்.

"பாப்பாவ இன்னிக்கு நான் கூட்டிட்டு வரவா?"

"போயிட்டு வா. பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே கேட் பக்கத்துல நில்லு. ஆளைக் காணலைன்னா பயந்துருவா."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான்.