பின்சுவருக்கு மேலே ஒரு சாலை

விலாசத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்ற பேச்சைக் கிளப்பியவன் கொழுந்தன்தான். அவள் கணவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணி பதற்றத்தில் எதையோ உளறியிருப்பாள் என்றான் அவன். சொந்தபந்தம் அதையே பிடித்துக்கொண்டது. காருக்கு வழிகாட்டும் கருவி பொருத்துவது அவன் தொழில். அவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? “கக்கூஸுக்குப் போகக்கூட இவனுக்கு சாட்டிலைட் வேணும்” என்று தம்பியைக் கேலி செய்ய அண்ணனும் இப்போது இல்லை.

போன வாரம் பார்சல்காரர் ஒருவர், வீட்டைக் காணோமே என்று, வீட்டுக்குப் பின்னால் மேம்பாலமாக ஓடும் உயர்சாலையில் நின்றபடி போன் செய்தார். அவளுக்குப் பொறி தட்டியது. நேராகக் கொழுந்தன் கடைக்குப் போய் அவன் காரில் ஏறி உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்ன விலாசத்தை எழுத்து மாறாமல் சொல்லி, கருவியில் போட்டு ஓட்டச் சொன்னாள்.

வழியெல்லாம் அவன் பாடம் நடத்தினான். சாட்டிலைட்டுகள் அனுப்பும் நேரத்தை வைத்து, கார் எங்கே இருக்கிறதென்று கருவியே கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். சாலையும் வீடும் சாட்டிலைட்டுக்குத் தெரியாது. அவை கருவிக்குள் இருக்கும் வரைபடத்தில்தான். வீடு என்பது அதில் ஒரு புள்ளி. புள்ளிக்குக் கிட்டத்தில் எந்தச் சாலையோ, அங்கே கொண்டுபோய் விடும். நடுவில் சுவர் இருந்தால் என்று கேட்டாள். அதெல்லாம் அதுக்குத் தெரியாது என்றான், பெருமை குறையாமல்.

கார் உயர்சாலையில் ஏறியது. பாதியில், சேர வேண்டிய இடம் வந்துவிட்டதாகக் குரல் அறிவித்தது.

ஓரம் கட்டினான். தடுப்புச் சுவருக்குக் கீழே அவள் வீட்டுப் பின்பக்கம். கொடியில் துணி, சமையலறை ஜன்னல். இறங்க வழியில்லை.

“ஆம்புலன்ஸ் இங்கதான் வந்து நின்னிருக்கு. நான் வாசல்ல நின்னு தெருவையே பாத்துட்டிருந்தேன்.”

அவன் காரைக் கிளப்பினான். தூரத்து இறக்கம்வரை போய், சந்து சந்தாகச் சுற்றி வாசலுக்கு வந்தார்கள். உங்க மேல தப்பில்ல அண்ணி என்ற ஒரு வார்த்தைக்காக அவள் வழி முழுக்கக் காத்திருந்தாள்.

காரை அணைத்துவிட்டு அவன் சொன்னான்: “இருந்தாலும் அண்ணி, முன்பக்கமா வாங்கன்னு போன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“வீட்டுக்கு வர்றவங்க வாசல் வழியாத்தான் வருவாங்கன்னு நெனச்சிட்டேன், தம்பி.”

உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. அவன் படியேறி வருவது தெரிந்தும் கதவைச் சாத்தினாள்.