சதுக்கத்துச் சங்கிலி

ஏணியின் கடைசிக்கு முந்தைய படியில் நின்று துணியைப் பிழிந்தபோதுதான் மூத்தவள் கவனித்தாள். வெண்கலப் பெண்ணின் கையில் சங்கிலி இல்லை.

சதுக்கத்தில் நான்கு சிலைகள். அரசனை விரட்டியவர்கள் என்று பீடத்தில் செதுக்கியிருந்தது. அச்சுக்கூடத்துக்காரன், சுத்தியல் பிடித்தவன், வாயைத் திறந்தபடியே நிற்கும் கிழவர், நடுவில் அறுந்த சங்கிலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த பெண். வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் நால்வரையும் கழுவித் துடைப்பது இவளுக்கும் இவளுடைய ஓரகத்திக்கும் வேலை. மூத்தவள் மேலே ஏறுவாள். இளையவள் ஏணியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வாள். புறா எச்சத்தைச் சுரண்டியே மூத்தவளின் கட்டைவிரல் நகம் பாதியாகிவிட்டிருந்தது.

"கீழே எங்கயாவது விழுந்து கெடக்கா பாரு."

"எது அக்கா?"

"சங்கிலி."

இளையவள் பீடத்தைச் சுற்றி வந்தாள். "ஒண்ணும் இல்லக்கா. காத்துல பறக்கறதுக்கு அது என்ன துப்பட்டாவா?"

சிரித்தாள். மேலே இருந்தவள் சிரிக்கவில்லை. வெண்கல விரல்களுக்கு இடையே இரண்டு துளைகள். போல்ட்டைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். அறுக்கவில்லை, உடைக்கவில்லை. நிதானமாக வேலை பார்த்த கை.

சூப்பர்வைசர் வந்து அண்ணாந்து பார்த்தார். இன்னும் ஆறு நாளில் புரட்சி தின விழா. அமைச்சர் மாலை போட வேண்டிய சிலை அது. அவர் முதலில் கேட்டது சங்கிலியைப் பற்றி அல்ல.

"ஏணி ரூம் சாவி யார் கிட்ட இருக்கு?"

"உங்க கிட்ட ஒண்ணு. எங்க கிட்ட ஒண்ணு சார்."

"என்னோடது என் பையிலதான் இருக்கு" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் ஆணியில் தொங்கிய சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதில் கட்டியிருந்த கயிற்றுக்கு அவள் போடுவது ஒற்றை முடிச்சு. இப்போது இரண்டு முடிச்சு இருந்தது. புருஷன் செத்து நாலு வருஷமாகக் கொழுந்தன் குடும்பத்தோடுதான் இருக்கிறாள். ஒரே அடுப்பு, ஒரே வாசல். இந்த வீட்டில் ஒரு பொருளையும் அவள் இதுவரை இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தது கிடையாது.

சாப்பிட உட்கார்ந்த கொழுந்தனிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நான் வெளிய போயிருந்தப்ப சாவிய யாராவது எடுத்தீங்களா?"

அவன் தன் பெண்டாட்டியை, இளையவளைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள்.

"எந்தச் சாவி அண்ணி?"

அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. அவன் ஓட்டுவது சுமை வண்டி, ஏற்றுவது பழைய இரும்பு. மறுநாள் காலை அவன் குளிக்கப் போயிருந்த நேரம் மூத்தவள் வண்டியின் பின்பக்கம் போய்ச் சாக்குகளைத் தூக்கிப் பார்த்தாள். சங்கிலி இல்லை. ஆனால் பக்கப் பலகையில் அலுமினியம் உரசிய வெள்ளைக் கோடு, முழம் நீளத்துக்கு. அவர்களுடைய ஏணி அலுமினிய ஏணி. கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, தேய்த்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஏணி அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது; அவள் போவதற்குள் அங்கே போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார். பக்கத்தில் சூப்பர்வைசர். வாளிகளை ஓர் ஓரமாகத் தள்ளியிருந்தார்கள்.

"ரெண்டு பேரையும் வேலைய விட்டு நிறுத்தச் சொல்லி மேல இருந்து ஆர்டர். நான்தான் அதத் தள்ளி வெச்சிருக்கேன்" என்றார் சூப்பர்வைசர். "தெரிஞ்சத சொல்லிடும்மா."

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சாவி வீட்லதான் இருந்துச்சு."

"வீட்ல யாரு?" போலீஸ்காரர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை நான் இல்ல. கொழுந்தன் இருந்தான்."

"என்ன வேலை?"

"வண்டி ஓட்டறான்."

"என்ன ஏத்துவான்?"

அவள் சுவரில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்தாள்.

"பழைய இரும்பு."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டு நோட்டை மூடினார். அதற்கு மேல் அவர் கேட்கவும் இல்லை.

மதியத்துக்குள் அவனை வண்டியோடு கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டேஷனுக்கு ஓடிய இளையவளை வாசலிலேயே நிறுத்தி, "உங்க வீட்டு ஆளே சொன்னதும்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் திரும்பி வந்து சண்டை போடவில்லை. அடுப்படிக்குள் மூத்தவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

"மேல பாருங்க."

கூரைத் தகட்டில், போன மழையெல்லாம் ஒழுகிய இடத்தில், புதுத் தகடு வைத்துத் தார் பூசியிருந்தது.

"ஒழுகுது ஒழுகுதுன்னு ஆறு மாசமா சொன்னீங்கல்ல. ஞாயித்துக்கிழமை அதத்தான் செஞ்சாரு. ஆபீஸ் ஏணிய எடுத்ததுக்குத் திட்டுவீங்கன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன். மேல இருந்து தகடு விழுந்து, என் காலு தப்புனதே பெரிசு. இதையும் போய்ச் சொல்லுங்க."

மூத்தவள் அன்றே போய்ச் சொன்னாள். "கூரைக்கு எடுத்த ஏணிய சிலைக்கும் எடுத்திருப்பான்" என்றார் போலீஸ்காரர்.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போனார்கள். இளையவள் ஏணியைப் பிடித்தாள், நெஞ்சோடு அணைக்காமல், கையை நீட்டி. மேலே நின்றவளுக்கு ஒவ்வொரு படியிலும் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கிரேன் வண்டி ஒன்று சதுக்கத்துக்குள் வந்தது. மஞ்சள் சட்டை போட்ட இருவர் இறங்கி, கம்பளி சுற்றிய ஒரு மூட்டையைப் பிரித்தார்கள். சங்கிலி. களிம்பு நீக்கி மெருகேற்றி, புதிதாக வார்த்ததுபோல மின்னியது. கிரேனில் மேலே போய் இரண்டு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, சூப்பர்வைசரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

"தலைமை ஆபீஸ்ல இருந்தே பாலிஷுக்கு அனுப்பியிருக்காங்க" என்றார் சூப்பர்வைசர். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமையே கழட்டிட்டுப் போயிருக்காங்க. நமக்குத் தகவல் வரல."

"அப்ப எங்க வீட்டுப் பையன்?" மூத்தவள் கேட்டாள்.

"சொல்லிடலாம். இப்பப் போய்ச் சொன்னா விழா நேரத்துல பேப்பர்காரன் புடிச்சுக்குவான். ரெண்டு நாள்தான. நீ மேல ஏறி அந்த விரல் தடமெல்லாம் துடைச்சிடு."

அவள் இளையவளைத் திரும்பிப் பார்த்தாள். இளையவள் ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள். மூத்தவள் ஏறினாள். சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் துடைத்தாள்.

விழா நன்றாக நடந்தது என்றார்கள். அதற்கு மறுநாள் பத்து மணிக்குமேல் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். இரு பெண்களும் நடைக்கூடத்துப் பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

அவனைக் கூட்டிவந்தபோது வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. விரல்கள் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன. இளையவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

மேஜையில் இருந்த எழுத்தர் ஒரு தாளை வாசித்தார். விசாரணைக்கு நானாகவே வந்தேன், என்னை யாரும் துன்புறுத்தவில்லை, நல்ல உடல்நிலையில் திரும்பிப் போகிறேன்.

"கையெழுத்துப் போடு."

அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"சரி, இடது கட்டைவிரல் குடு." எழுத்தர் மைப் பெட்டியைத் திறந்து, விரலைப் பிடித்து அழுத்தி, தாளில் உருட்டி எடுத்தார். "போகலாம்."

அவன் விரலைத் துடைக்க இடம் தேடினான். சுவர்ப் பக்கம் கை போனது.

"சுவத்துல தேய்க்காதப்பா. விழாவுக்குத்தான் வெள்ளையடிச்சோம்."

மூத்தவள் அருகே போய் முந்தானையை விரித்து நீட்டினாள். "இதுல தொடச்சுக்கப்பா."

அவன் முந்தானையைப் பார்த்தான். அண்ணி முகத்தைப் பார்க்கவில்லை. மை பட்ட விரலை உள்ளங்கைக்குள் மடித்து மூடிக்கொண்டு, அவளைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். இளையவள் பின்னால் போனாள். மூடிய கையின் இடுக்கு வழியே கசிந்த மை, படியிறங்குவதற்குள் அவன் மற்ற விரல்களிலும் ஒட்டியிருந்தது.