இடைவேளையில் தனியாக நிற்பவர்கள்

மாநாடு என்றால் நமக்குத் தெரிந்தது ஒரு மேடை, பின்னால் ஒரு பதாகை, 'ரெண்டே வார்த்தை பேசிட்டு உக்காந்துடறேன்' என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் மைக்கை விடாத ஒரு பெரிய மனிதர், எதிரே தூங்கி வழியும் முன்வரிசை. அந்த வகை மாநாட்டைக் கண்டாலே திட்டக்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய தொழில் வட்டார மாநாடுகளை வடிவமைப்பது. யார் யாரோடு உட்கார வேண்டும், இடைவேளை எவ்வளவு நீளம், டீ மேசைக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வாள். மேடைப் பேச்செல்லாம் ஒரு சாக்கு, உண்மையான வேலை டீ குடிக்கும்போதுதான் நடக்கிறது என்பது அவள் கட்சி. முகம் தெரியாமல் வந்த இரண்டு பேர் ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு ஆகாது என்ற நிலையில் திரும்பிப் போனால் அது மாநாடு, இல்லாவிட்டால் வாடகைக்கு எடுத்த தூக்கம் என்பாள்.

திட்டம் இவளுடையது. அதை நடத்திக் காட்டியது இவள் தங்கை.

தங்கைக்குப் பசை என்று பட்டப்பெயர். எந்த மாநாட்டிலும் இடைவேளை விட்டதும் சிலர் தனியாக நிற்பார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை நாலாம் முறையாகப் படிப்பார்கள், காலியான கோப்பையை ஊதிக்கொண்டிருப்பார்கள், வராத அழைப்புக்குப் போனை எடுத்துப் பார்ப்பார்கள். பசை அவர்களிடம் போய் முழங்கையை லேசாகத் தொடுவாள். பேச்சு கொடுத்தபடியே நடத்திக்கொண்டு போய், அதேபோல் முழித்துக்கொண்டு நிற்கும் இன்னொருவர் பக்கத்தில் கொண்டுபோய் விடுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. மத்தியானத்துக்குள் கால் வீங்கிவிடும் என்பதால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு அரங்கம் முழுக்கச் சுற்றுவாள். அவள் கணவர் ஒலிபெருக்கி ஆள், அக்கா தங்கை நடத்துகிற மாநாட்டுக்கெல்லாம் அவர்தான் மைக். "என் பெண்டாட்டி செருப்பைக் கையில எடுத்துட்டா, யாருக்கோ விழப்போகுதுன்னு ஆளுங்க ஒதுங்கிடப் போறாங்க" என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் ஒரு மாநாட்டில் பசை அக்காவிடம் வந்து, "கால் கடுக்குதுக்கா. மூச்சு வேற வாங்குது" என்றாள். திட்டக்காரி அப்போது யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு பாதி ஓட்டத்தில் இருந்தாள். "இந்த ஒரு இடைவேளையை மட்டும் ஒப்பேத்திடுடி. அப்புறம் போய்ப் படு." தங்கை ஒப்பேற்றினாள். பிறகு பின்னறையில் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தாள். சாயங்காலம் எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. இதயம் பல மாதமாகவே தடுமாறிக்கொண்டிருந்திருக்கும் என்றார் மருத்துவர். பல மாதமாக என்ற வார்த்தை திட்டக்காரியின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஒரே ஒரு தடவை தங்கை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், மன்னித்துவிடு என்று சொல்லக்கூட வேண்டாம், சும்மா பார்த்தால் போதும் என்று அந்த வருடம் முழுக்கக் கிடந்து தவித்தாள். வேலை எதையும் ஏற்கவில்லை.

பிறகு இந்த மாநாடு வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான மூன்று நாள் கூட்டம். அந்த வட்டாரத்தின் சிற்றூர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கூட்டுச் சேர வேண்டும்; வாரத்தில் ஒருநாள் நீ என் வீட்டு நோயாளியைப் பார், ஒருநாள் நான் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டும். வருஷக்கணக்காக வாசல் தாண்டாத ஜனங்கள் அவர்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பசையின் இடத்துக்கு வேறு ஆள் போட அவளுக்கு மனசில்லை. அடையாள அட்டையிலேயே மேசை எண்ணை அச்சடித்து, யார் எப்போது எங்கே போக வேண்டும் என்று எல்லாவற்றையும் தாளிலேயே முடித்துவிட்டாள்.

முதல் நாள் இடைவேளையில் ஒரு தையல்கார அம்மா அவளைத் தேடிக்கொண்டு வந்தார். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன கணவரை வைத்துக்கொண்டு தையல் எந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர். 

"உங்க ஏற்பாடு ரொம்ப நல்லா இருக்கும்மா. எனக்குக் கூட்டம்னாலே உதறல். சுவரைப் பாத்துட்டு நின்னேன். உங்க ஆளு ஒருத்தங்க வந்து கூட்டிட்டுப் போய், பக்கத்து ஊர்க்காரங்ககிட்டயே விட்டுட்டாங்க."

"எங்க ஆளா? அப்படி யாரையும் நான் போடலையே."

"இல்லம்மா, முழங்கையைத் தொட்டு, சிரிச்ச மாதிரியே பேசினாங்க. செருப்பைக் கூடக் கையில வச்சிருந்தாங்களே."

திட்டக்காரி பக்கத்திலிருந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது.

அன்றைக்கே இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். மூன்று பேருமே அந்த நேரத்தில் தனியாக நின்றவர்கள். பக்கத்தில் ஆள் இருந்த எவர் கண்ணிலும் அவள் படவில்லை. பட்டிருந்தால் இந்த மாதிரி கூட்டத்தில் ஒருவராவது, இது யார், அட்டை இல்லாமல் சுற்றுகிறாள் என்று புகார் கொண்டு வந்திருப்பார். திட்டக்காரிக்கு அது உடனே பிடிபட்டது. தனியாக நிற்கிறவர்களிடம்தான் தங்கை வருகிறாள். ஆனால் இவளுடைய ஏற்பாடோ, தப்பிய இந்த மூன்று பேரைத் தவிர, ஒருத்தரையும் தனியாக நிற்க விடாத ஏற்பாடு. எண் போட்டு, வரிசை போட்டு, தங்கை வரும் வழியை இவளே அடைத்து வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மண்டபத்து ஆட்களைக் கூப்பிட்டு அவள் செய்ததைத் தொழில் தெரிந்தவர்கள் எவரும் செய்ய மாட்டார்கள். வட்ட மேசைகளை எடுக்கச் சொன்னாள். நாற்காலிகளை மேடையைப் பார்த்து நீள வரிசையாக, இடையில் தாராளமாக இடம் விட்டுப் போடச் சொன்னாள். டீ மேசையை இரண்டாக்கி மூலைக்கொன்றாகத் தள்ளினாள். எல்லாரும் வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருந்த மேசை எண் அட்டைகளை ஓரங்கட்டிவிட்டு, கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில் பெயரை மட்டும் போட்ட அட்டைகளை எடுத்து வைத்தாள். யாருக்கும் எந்த வேலையும் கொடுக்காத நீளமான இடைவேளைகளாக நாளைய நிகழ்ச்சியை மாற்றினாள். மனிதர்களைச் சேர்ப்பதற்காக அவள் கற்ற வித்தை மொத்தத்தையும் பிரிப்பதற்குத் திருப்பிப் போட்டாள். அநியாயம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. யார் யாரிடமோ கெஞ்சி நோயாளியை ஒப்படைத்துவிட்டு வந்தவர்களின் ஒரு முழு நாளை அவள் பாழடிக்கிறாள். தெரிந்தேதான் செய்தாள்.

ஒலிபெருக்கிக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா, கல்யாண வீட்டை இழவு வீடா மாத்துறீங்க?"

"நாளைக்கு இடைவேளையில பாட்டு போடுங்க மாப்பிள்ளை. கொஞ்சம் சத்தமாவே."

"பேசவே முடியாதே."

"பரவாயில்ல."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அக்காவின் திட்டத்தில் குறுக்கே பேசி அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. முதல் இடைவேளையில் அரங்கம் தண்ணீர் வற்றிய குளம் மாதிரி ஆனது. அங்கொருவர் இங்கொருவராக மனிதர்கள் கோப்பையோடு நின்றார்கள். முதல் நாள் சிரித்துப் பேசியவர்கள்கூட இன்றைக்கு ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியாமல் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பாட்டு காதைக் கிழித்தது. திட்டக்காரி ஒரு தூணில் சாய்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

தங்கை வந்திருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. சன்னலோரம் தனியாக நின்ற ஓர் ஆளையே இவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண் ஒரு நொடி நகரும். திரும்பிப் பார்த்தால் அந்த ஆள் வேறொருவரோடு நின்று, சத்தத்தை மீறி அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். வாசலில் நின்ற பெண் நடு அரங்கத்தில் இருப்பாள். பின்வரிசைக் கிழவர் முன்வரிசையில் இருப்பார். யாரோ நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். வெறுங்காலின் ஈரத் தடம் ஒன்று பளிங்குத் தரையில் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. திட்டக்காரி அதைத் துரத்திக்கொண்டு போவாள், அது போய்ச் சேரும் இடத்தில் இரண்டு அந்நியர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். தங்கையைக் காணோம். 'ஒரு தடவை திரும்புடி, ஒரே தடவை' என்று அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் நீளமான இடைவேளை விட்டாள். அது பாதியில் இருக்கும்போது ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அவளிடம் வந்தார். நினைவு தப்பிய அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர். நோயாளியோடே வாழ்ந்த கண் என்பதால் அவருக்கு முகத்தைப் படிக்கத் தெரியும்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்ககிட்ட வேலை பாக்குற அந்தப் பொண்ணைக் கொஞ்சம் உக்கார வைங்க. என்னைக் கூட்டிட்டுப் போகும்போதே மூச்சு அப்படி இரைக்குது. உதடெல்லாம் நீலமா இருக்கு. காலு ரெண்டும் உப்பிக் கிடக்கு."

திட்டக்காரி அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க... உக்காரச் சொல்லலையா?"

"சொன்னேனே. கையைப் பிடிச்சு உக்காரும்மான்னேன். 'அக்கா பாத்துட்டு இருக்காங்க, இன்னும் நிறைய பேர் தனியா நிக்கிறாங்க, இந்த இடைவேளை மட்டும் முடியட்டும்'னு சொல்லிட்டுப் போயிடுச்சு. கையி சில்லுன்னு இருந்துச்சும்மா."

அவர் போய்விட்டார்.  ஒலிபெருக்கி மேசை திட்டக்காரிக்கு இரண்டடி தள்ளித்தான் இருந்தது. பாட்டை மீறி ஓட்டுநர் உரக்கச் சொன்னதில் தங்கையின் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். நேற்றைய செருப்புக் கதையும் அவர் காதுக்கு வந்துதான் இருந்தது. அவர் பாட்டை நிறுத்தினார்.

"அதுக்குத்தான் இதெல்லாமா?" அவர் குரல் உயரவே இல்லை. "செத்த பிறகுமா அவளை வேலை வாங்குறீங்க?"

"ஒரு தடவை பாக்கணும் மாப்பிள்ளை."

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? தனியா சாப்பிடறேன், தனியா படுக்கறேன். அவ வீட்டுக்கு ஏன் வரலைன்னு தெரியுமா? அங்க அவளுக்கு வேலை இல்ல, என்னைக் கொண்டுபோய் விட இன்னொரு ஆள் ஏது? எங்கயோ நிம்மதியா கிடக்கான்னு நினைச்சிருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்து அவள் கையில் திணித்தார். "முடிச்சு விடுங்கக்கா."

மைக்கை வாங்கிக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அரங்கம் முழுக்க இன்னும் தனித்தனியாகத் தலைகள். ஒவ்வொரு தலையும் தங்கைக்கு ஒரு நடை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. செய்தது பாவம் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள்.  செருமிக்கொண்டாள். "இன்னைக்கு நான் போட்ட ஏற்பாடு சரியில்ல. தப்பு என்மேலதான். ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்குங்க. பக்கத்துல தனியா யாராவது நின்னா அவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. ஒருத்தரும் மிச்சம் இருக்கக் கூடாது. வட்டமா உக்காருங்க. ஊர் பேரைச் சொல்லுங்க, வீட்டுல யார் படுத்திருக்காங்கன்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் தானா வரும்."

 முதலில் தையல்கார அம்மா ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு கிளம்பினார், பின்னாலேயே ஓட்டுநர். அதன் பிறகு நாற்காலிகள் உரசுகிற சத்தம் அரங்கத்தை நிறைத்தது. திட்டக்காரி ஓட்டமும் நடையுமாகப் பறந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றவரை இழுத்து வந்தாள், கழிப்பறை வழியில் ஒளிந்துகொண்டு நின்ற பெண்ணைக் கெஞ்சிக் கூட்டி வந்தாள். தங்கை ஓர் அடிகூட நடக்கக் கூடாது என்ற ஒரே வெறிதான் அவளுக்கு. கொஞ்ச நேரத்தில் வட்டங்கள் அமைந்து, பேச்சு மெல்லச் சூடுபிடித்தது. யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன் என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளைகூட ஒயரை விட்டுவிட்டு ஒரு வட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தார்.

திட்டக்காரி தூணில் சாய்ந்து மூச்சு விட்டாள். தனியாக ஒருவரும் இல்லை. அப்பாடா என்று நினைத்தாள்.

அப்போது அவள் முழங்கையில் ஒரு விரல் பட்டது. சில்லென்று, மிக லேசாக.

யார் மிச்சம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னால், காதுக்கு மிக அருகில், இரைக்கும் மூச்சு கேட்டது. ஒரு வருடம் எதற்காகத் தவித்தாளோ அது ஒரு கைத் தொலைவில் நிற்கிறது. கழுத்தைத் திருப்பினால் போதும். திருப்பினால் தங்கை இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாள். கையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலோடு, இந்த அரங்கத்தைக் கடந்து அக்காவை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் ஓய்வாள்.

திட்டக்காரி திரும்பவில்லை. கழுத்து நரம்பு வலித்தது.

"நீ வராதடி" என்றாள். "நானே போய்க்கறேன்."

முன்னால் பார்த்தபடியே நடந்தாள். பக்கத்து வட்டத்தில் தையல்கார அம்மா நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுல யாரைப் பாத்துக்கறீங்கம்மா?"

"ஒரு தங்கச்சி இருந்தா" என்றாள் திட்டக்காரி. "அவளை நான் சரியாப் பாத்துக்கல."

தையல்கார அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் காலியாகக் கிடந்த நாற்காலி வரிசையில் ஒன்று கிறீச்சிட்டது. வெகுநேரம் நின்ற ஒருவர் கடைசியில் உட்காரும்போது வருமே, அந்த நீளமான மூச்சு கேட்டது.