வட்டம் போட்ட ஆறு முட்டைகள்

...அப்படியென்றால் இந்த வட்டத்தைப் போட்டது யார், மங்கரு போடுவது எப்போதும் பெருக்கல் குறிதான், ஆற்றுமணலில் கூட்டைத் தோண்டியதும், முட்டையைத் தூக்குவதற்கு முன்பே, மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல், ஏனென்றால் கரியால் என்கிற நீள்மூக்கு முதலையின் கரு ஒரே நாளில் ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முட்டை உருண்டால் கரு மூச்சுமுட்டிச் செத்துவிடும், கோழிமுட்டையைத் தினமும் திருப்புகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்... நாராயணி ஆற்றில் இந்த வருஷம் கிடைத்தது இந்த ஒரே கூடு, முப்பத்தெட்டு முட்டை, அதில் ஆறு முட்டைமேல் வட்டம். தனக்குக் கீழே வேலைபார்க்கிற டீகாராமாகத்தான் இருக்கும், இந்தப் பொரிப்பறைக்கு இன்னொரு சாவி அவனிடம்தானே, போன மாதம் வெப்பமானி பார்க்கிற வேலையையும் வாங்கிக்கொண்டான், "நீங்க போய் டீ குடிங்கண்ணே, உங்களப் பாத்துப் பயந்து பாதரசம் ஏறப்போகுது" என்று கேலி வேறு, எல்லோரும் சிரித்தார்கள், மங்கருவும் சிரித்துவைத்தான். முட்டை கெட்டால் பழி மூத்தவன் தலையில், மூத்தவன் போனால் அந்த இடம் யாருக்கு?

மணலை விரலால் ஒதுக்கி, முட்டையை அசைக்காமல் டார்ச் அடித்தான். கரு ஒட்டிய இடத்தில் ஓடு சுண்ணாம்புபோல வெளுக்கும், பன்னிரண்டு நாளில் நன்றாகவே தெரியும்... தெரிந்தது, வட்டத்துக்குள் கச்சிதமாக வெள்ளைத் திட்டு. பக்கவாட்டில் எச்சில் தொட்டு அழித்த ஒரு பெருக்கல், அவன் போட்டதேதான். கூட்டைத் தோண்டிய அன்றைக்குத் தாய்முதலை கரைக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது, அவசரம், கடைசி முட்டைகளைத் தூக்கிவிட்டுப் பிறகு குறி போட்டானோ... போட்டிருப்பான். அப்படியானால் திட்டு மேலே வரும்படி டீகாராம் நிமிர்த்தி வைத்திருக்கிறான். ஏன் வாயைத் திறக்கவில்லை, அதிகாரியிடம் சொல்லிவிட்டானா, சொல்ல நாள் பார்க்கிறானா, நல்லது செய்தவன் எதற்கு ஒளித்துச் செய்யவேண்டும்?

"என்னண்ணே, முட்டையோட பேசிட்டிருக்கீங்களா?" டீகாராமின் குரல், வாசலுக்கு வெளியே.

"மணல் காஞ்சிருக்கான்னு பாக்கறேன்."

"காலையிலதான தண்ணி தெளிச்சேன்."

சாதாரணமாகச் சொன்னானா, குத்திச் சொன்னானா... மங்கருவின் விரல் அடுத்த முட்டைக்குப் போனது, அதன்மேல் அழியாத பெருக்கல், அவனுடையது, ஆனால் வெள்ளைத் திட்டு அங்கே இல்லை, பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. இது டீகாராம் கண்ணில் படவில்லையா, வேண்டுமென்றே விட்டுவைத்தானா... இப்போது நிமிர்த்தினால் பிழைக்குமா, நிமிர்த்துவதாலேயே சாகுமா, அந்த ஆறையும் அவன் எத்தனையாவது நாளில் நிமிர்த்தினான், எவ்வளவு மெதுவாக, ஒரே மூச்சிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா... முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்தும் மங்கருவுக்கு அது தெரியாது, வெளியே நிற்கிறவனுக்குத் தெரியும், அவனைக் கேட்பதென்றால் முதலில் இந்த முட்டையை அவனுக்குக் காட்டவேண்டும்.