நேர்வுக்கு முன்னால் ஓர் எழுத்து

அந்தச் சிரிப்பை மறக்க ஹிமாயாவுக்கு ஐந்து வருடம் போதவில்லை.

அப்போது அவள் கல்முனையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தாள். கோமாரியில் பெண்களுக்கென்று கட்டிய தையல் நிலையம் ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. கொழும்புக்குப் போன அறிக்கைகளில் மட்டும் அது அமோகமாக நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. ஹிமாயா துருப்பிடித்த பூட்டைப் படம் பிடித்து, தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி, கொழும்புப் பணிப்பாளர் அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒற்றை வரிப் பதில் வந்தது. ‘ஹிமாயா ஹேஸ் எ நேர்வ்.’

அங்கே ஆங்கிலம் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன் ஸஜாத். அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுகிற அவனிடம்தான் ஹிமாயா போனாள்.

“நானா, இதுக்கு என்ன கருத்து?”

எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஸஜாத் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “நேர்வ் எண்டா துணிச்சல். மேடம் உங்களப் பாராட்டி எழுதிரிக்கிறா, தங்கச்சி” என்றான்.

அவள் நம்பினாள். அந்த மாதக் கடைசியில் பொத்துவிலில் ஒரு ஹோட்டலில் ஆண்டுக் கூட்டம். பணிப்பாளரும் வெளிநாட்டு விருந்தினரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஹிமாயா மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னாள். “மேடம் செட் ஐ ஹேவ் எ நேர்வ். ஐ ஆம் வெரி ப்ரவுட்.”

மண்டபம் குலுங்கியது. பணிப்பாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஸஜாத்தான்.

திரும்பி வருகையில் வேனில் பக்கத்தில் இருந்த காரைதீவு கேதீஸ்வரிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். அந்தப் பதில் வந்த அன்று அவள் லீவில் நின்றவள்.

“வெறும் நேர்வ் எண்டா துணிவு. முன்னுக்கு ஒரு ‘எ’ வந்தா வேற. இவளுக்கு என்ன திமிர் எண்டு ஏசியிருக்கிறா பிள்ளை.”

அடுத்த மாதம் ஹிமாயாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். யாரோ எடுத்த வீடியோ கைபேசி கைபேசியாகப் போனது. சந்தைக்குப் போனால் ‘நேர்வ் மிஸ்’ என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே தன்னைக் குழியில் தள்ளிவிட்டான் ஸஜாத் என்று அவள் முடிவு கட்டினாள். ஆங்கிலம் படித்ததும் அந்த வெறியில்தான். ஒவ்வொரு சொல்லையும் அவன் முகத்தில் எறியப்போகிற கல்லாக நினைத்துப் படித்தாள். டிப்ளோமா முடித்தாள். பிரதான வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வகுப்புத் தொடங்கினாள். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கடிதம் திருத்த அவளைத் தேடி வந்தார்கள்.

ஒரு நாள் ஸஜாத்தும் வந்தான். பெரிய நிறுவனம் ஒன்றில் மாவட்டப் பொறுப்பாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறானாம்.

“பழசெல்லாம் மனசுல வெச்சிரிக்கீங்களா தங்கச்சி?”

“இல்ல நானா, இரிங்க” என்று கடிதத்தை வாங்கினாள். மூன்றாவது பந்தியில் அவள் கண் நின்றுவிட்டது. எந்தச் சவாலுக்கும் முகங்கொடுக்க ‘ஐ ஹேவ் எ நேர்வ்’ என்று எழுதியிருந்தான்.

“இதுல என்ன சொல்ல வாறீங்க?”

“எனக்குத் துணிச்சல் இரிக்கி எண்டுதான். அண்டைக்கு மேடம் உங்களுக்கு எழுதின வசனம், மறந்துட்டீங்களா?”

“அப்ப கூட்டத்துல ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?”

“உங்கட உச்சரிப்புக்கு எண்டு நெனச்சன். எல்லாரும் சிரிக்கக்குள்ள நானும் சிரிச்சன்.”

இவனுக்குத் தெரியவே தெரியாது! ஐந்து வருடமாக அவள் மனதுக்குள் வளர்த்து வைத்திருந்த சூழ்ச்சிக்காரன் ஒன்றும் தெரியாத வெறும் ஆள். கோபம் தணியும் என்று பார்த்தாள். தணியவில்லை, கூடியது. எதற்குச் சிரிக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் அல்லவா சிரித்திருக்கிறான்!

சிவப்புப் பேனையை எடுத்தாள். காலப் பிழைகளைத் திருத்தினாள். நொண்டிய வசனங்களை நிமிர்த்தினாள். கடிதம் பளிச்சென்று ஆனது. அந்த ஓர் எழுத்தின் மேல் பேனை சற்று நேரம் நின்றது. ஒரு கீறல் போதும். அவள் கீறவில்லை.

“மூணாவது பந்தி அப்பிடியே இரிக்கட்டும் நானா.”

இரண்டு வாரம் கழித்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவன் மாடியேறி வந்தான். முகம் கறுத்திருந்தது. நேர்முகத்தில் இருந்த மூன்று பேரில் ஒரு வெள்ளைக்காரர் அந்த வரியைச் சத்தமாக வாசித்தாராம். என்ன கருத்தில் எழுதினீர் என்று கேட்டாராம். துணிச்சல் என்று இவன் விளக்க, மூன்று பேரும் சிரித்தார்களாம். பிறகு அவர்களில் ஒருவர் இரங்கி விளங்கப்படுத்தினாராம்.

“தெரிஞ்சுக்கிட்டா விட்டீங்க?”

“ஓம்” என்றாள் ஹிமாயா. “தெரிஞ்சுக்கிட்டுத்தான் விட்டன்.”

“அண்டைக்கு எனக்கு உண்மையா தெரியா தங்கச்சி. அல்லாஹ் மேல ஆணையா.”

“தெரியா எண்டு சொல்லியிருக்கலாமே. ஒரு சொல்லுத்தானே நானா.”

“எல்லாரும் என்னப் பாத்துக்கிட்டு நிண்டாங்க.” அவன் குரல் இறங்கியது. “மாப்புத் தாங்க.”

“இப்ப ஏலா.”

அவன் படியிறங்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் பார்த்தபடி நின்றான். “வகுப்புல இடம் இரிக்கா?”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு. முன் வாங்குலதான் இரிக்கணும்” என்றாள்.

புதன்கிழமை வந்தான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நடுவே முன் வரிசை வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தான். ஹிமாயா பலகையில் ஒரு சொல்லை எழுதினாள். வேண்டுமென்றே கடினமான சொல். திரும்பி நேராக அவனைக் கேட்டாள்.

வகுப்பே அவனைப் பார்த்தது. ஸஜாத்தின் கை கண்ணாடி வரை போய் இறங்கியது.

“தெரியா, மிஸ்.”

பின்னால் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். ஹிமாயாவுக்கு நெஞ்சு இனித்தது. சிரித்தவர்களை அவள் அடக்கவில்லை. விடையைச் சொல்லவும் அவசரப்படவில்லை.